பூவரசம்பூ விற்றவர்கள்

தலைமன்னார்ப் பியர்ப் பக்கம் சென்றிருப்போர் அங்கே கடற்காற்றைத் தாங்கி நிற்கும் பூவரச மரங்களைக் கண்டிருப்பர். மணலிலும் உவரிலும் தளராது வளர்வது அம்மரம். வேலிக்குக் கதியால், ஆட்டுக்குக் குழை, பிள்ளைகளுக்குப் பீப்பீ என்று அதன் பயன் பல. மாணவர் சிலருடன் ஒருமுறை அங்கு சென்றிருந்தோம். "இந்தப் பூவுக்கும் ஏதும் சரித்திரம் இருக்குதோ, சேர்?" என்று ஒருவன் வேடிக்கையாகக் கேட்டான். உண்டு என்றோம். அவன் நம்பினானில்லை.

1914 மார்ச் மாதத்தில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கிற்று. அவ்வாண்டு ஆகஸ்டிலே பிரித்தானியா முதலாம் உலக யுத்தத்தில் இறங்கியது. தோட்டத்துரைமாரின் துப்பாக்கிப் படையொன்று இலங்கையிலிருந்து எகிப்துக்குப் புறப்பட்டது. சொந்தச் செலவிலே இங்கிலாந்து சென்று படையிற் சேர்ந்த இலங்கையரும் இருந்தனர். 1918 நவம்பர் 11ஆம் நாள் யுத்தம் ஓய்ந்தது. திரும்பி வந்தவர்களின் வயிற்றுப்பாடு மட்டும் ஓயவில்லை.

பெல்ஜியத்திலும் பிரான்சிலும் குண்டுகள் கிளறிய போர்க்களங்களில் செந்நிறப் பொப்பி மலர்கள் செழித்துப் பூத்திருந்தன. நமது சமையலறைக் கசகசாவுக்கு உறவான செடி அது. அம்மலரைப்போலத் துணியிற் செய்த பூக்களை 1921ஆம் ஆண்டு பிரித்தானியாவிலே விற்று, அங்கவீனரான போர்வீரர்க்கும் ஆதரவற்ற அவர்தம் குடும்பங்களுக்கும் நிதி திரட்டினர். மறு ஆண்டிலிருந்து, உறுப்பிழந்த வீரர்களே ஒரு தொழிற்சாலையில் அப்பூக்களைச் செய்யத் தொடங்கினர். பிச்சையாகக் கொடாமல் வேலையாகக் கொடுத்த அவ்வேற்பாட்டை நாம் குறைகூற மாட்டோம்.

இலங்கையிலும் ஆண்டுதோறும் நவம்பர் 11இல் பொப்பி மலர் விற்கப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளும் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. ஆயின், திரண்ட பணத்தின் பெரும்பகுதி கடல் கடந்து பிரித்தானிய வீரர்க்கே சென்றது. அதே யுத்தத்தில் நின்று, அதே கொடியின்கீழ் துன்புற்ற இலங்கை வீரனுக்கோ மிச்சமே கிடைத்தது. உண்டியலிற் காசு போட்டவன் இவ்வூரான். அடுத்த தெருவிற் பசித்திருந்தவனும் இவ்வூரான். இந்த அநீதி ஏலியன் பெரேரா என்பாரின் நெஞ்சைச் சுட்டது. அவரும் யுத்தத்துக்குச் சென்று மீண்டவர். இலங்கையின் முன்னாள் போர்வீரர் சங்கத்தை முன்னின்று நடத்திய அவர், 1931இல் பொப்பி மலருக்குப் போட்டியாகச் சூரியமல்லை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சூரியமல் என்று சிங்களத்தில் வழங்குவது வேறொன்றுமன்று, நமது பூவரசம்பூவே! அதில் வந்த பணம் இந்நாட்டு வறிய முன்னாள் வீரர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது.

1933இல் தென்கொழும்பு வாலிபர் சங்கத்தார் அப்பூவைத் தம் கையில் எடுத்தனர். அவர்கட்கு அது யுத்த எதிர்ப்பின் சின்னம், அந்நிய ஆட்சிக்கு எதிரான சின்னம். இலங்கைக்கு ஆசிரியப்பணி செய்ய வந்த டொரீன் யங் என்ற ஆங்கிலப் பெண்மணி, 'மலர்களின் போர்' என்ற தலைப்பில் பத்திரிகையிற் கட்டுரை வரைந்தார். தம் நாட்டு வீரர்களைக் கைவிட்டுப் பிரித்தானியருக்காக இலங்கைப் பிள்ளைகள் பூ வாங்குவதா என்று கேட்டவர் ஓர் ஆங்கிலேயரே என்பதை நம் மாணவர்கள் கவனிக்க வேண்டும். அவரே சூரியமல் இயக்கத்தின் முதல் தலைவியுமானார். பூவை வாங்கினோர் பெரும்பாலும் ஏழைகள். ஆகையால் பெருந்தொகை சேரவில்லை. தெருவிற் பணம் திரட்டுவதைக் கட்டுப்படுத்தச் சட்டமும் வந்தது.

சேர்ந்த சிறுதொகையைக் கொண்டு, ஒடுக்கப்பட்ட சாதியிற் பிறந்த ஒரு சிறுமியைப் படிப்பித்தனர். 1934–35இல் மலேரியாக் காய்ச்சல் பல்லாயிரம் உயிர்களைக் கொள்ளைகொண்டபோது, அவ்விளைஞர்கள் கேகாலைப் பகுதிக் கிராமங்களில் வீடு வீடாக மருந்தும் உணவும் கொண்டு சென்றனர். கலாநிதி என். எம். பெரேராவுக்குப் 'பருப்பு மாத்தையா' என்ற பெயர் வந்தது அந்நாளிலேதான். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது.

இவையெல்லாம் பெருஞ்செயல்கள் என்பதில் ஐயமில்லை. எனினும் நமக்கு ஒரு குறை உண்டு. சரித்திர நூல்கள் இவ்வியக்கத்தை அரசியலின் தொடக்கமாகவே எழுதுகின்றன. எவருக்காக முதன்முதலிற் பூவரசம்பூ விற்கப்பட்டதோ, அந்த வறிய வீரர்களையும் அவர்தம் மனைவி மக்களையும் பற்றி ஓரிரு வரிகளே எஞ்சியுள்ளன. கட்சி வளர்ந்தது, அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்ததா என்று கேட்டாரில்லை.

1944இல் அமைந்த முன்னாள் படைவீரர் சங்கம் இன்றும் கொழும்பில் இயங்கி வருகிறது. ஒவ்வொரு நவம்பரிலும் விகாரமகாதேவிப் பூங்காவிலுள்ள நினைவுத்தூபியில் மலர்வளையம் வைக்கின்றனர். விற்பது பொப்பி மலரேயாயினும், பணம் இப்போது இந்நாட்டு வீரர்களின் நலத்துக்கே செலவாகிறது. ஏலியன் பெரேரா கேட்டதும் அதுதானே!

இக்கதையைக் கேட்ட மாணவன் ஒன்றும் பேசவில்லை. தாழ்ந்திருந்த கிளையிலிருந்து பூவொன்றைப் பறித்துச் சட்டைப்பையிற் செருகிக்கொண்டான். பூவரசம்பூ காலையில் மஞ்சளாக மலர்ந்து, பொழுது சாயச் சாயச் செந்நிறம் கொள்வது வாசகர்கள் அறிந்ததே. மாலையில் நாம் மன்னாருக்குத் திரும்பியபோது, அவன் பையிலிருந்த பூ முற்றும் சிவந்திருந்தது.