தடை என்பது யாது?

தோட்டப் பாடசாலை ஒன்றில் நூலகப் பொறுப்பேற்றிருக்கும் ஆசிரியர் ஒருவர் இறக்குவானையில் என்னைக் கண்டு, "ஐயா, 'நவரசம்' தடைசெய்யப்பட்ட நூலா? அலுமாரியில் வைக்கலாமா?" என வினவினார். சிறு வினாவேயாயினும் விடை எளிதன்று.

மன்னார்க் கவிஞரும் ஆசிரியருமான அஹ்னப் ஜஸீம் 2017இல் வெளியிட்ட கவிதைத் தொகுதி அது. மெய்ப்பாடு எட்டென்பார் தொல்காப்பியர். சுவை ஒன்பதென்பர் வடநூலார். அணியிலக்கணம் பயின்ற மாணவனுக்கு அத்தலைப்பில் அச்சந் தருவது யாதுமில்லை. ஆயினும் 2020 மே 16ஆம் நாள் அவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். அந்நூல் தீவிரவாதம் போதிப்பதென்பது குற்றச்சாட்டு. தமிழறிந்தோர் படித்துப் பார்த்து, அது வன்முறையைக் கண்டிப்பதென்றனர். எனினும் பிணை கிடைத்தது 2021 டிசெம்பரிலேதான். பத்தொன்பது மாதம் சிறைப்பட்டது நூலன்று, ஆக்கியோன்!

இதற்கு மறுதலையான ஒன்றையும் காண்க. சல்மான் ருஷ்டியின் 'சாத்தானின் வசனங்கள்' இந்தியாவுக்குள் வருதலை 1988 ஒக்டோபரில் அந்நாட்டுச் சுங்கத்துறை தடுத்தது. அவ்வாணையை எதிர்த்த வழக்கில் அதன் பிரதியை எவராலும் காட்ட இயலவில்லை. ஆணையே இல்லையெனக் கொள்ள வேண்டியதுதான் என்று 2024 நவம்பரில் டில்லி உயர் நீதிமன்றம் கூறிற்று. காணாத ஏட்டுக்கு முப்பத்தாறு ஆண்டுகள் அடங்கியிருந்திருக்கின்றனர்! நகைப்பதா, வருந்துவதா?

ஆகவே ஆணை உண்டா என்பதை மட்டும் நோக்கித் தடையை அளத்தல் பொருந்தாது. அதிகாரத்துக்கு அஞ்சி ஒரு நூலை விற்போன் விற்காமலும் வைத்திருப்போன் வெளிக்காட்டாமலும் விடுவானாயின், அதுவும் தடையே. அதற்காக இல்லாத நூலெல்லாம் தடைப்பட்டதென்று கூக்குரலிடுவாரோடும் நான் உடன்படேன். நம் மலைப்புறப் பாடசாலை அலுமாரிகளிற் பல நூல்கள் இல்லை, அது வறுமை. ஐந்தாந் தர மாணவனுக்கு முதிர்ந்தோர் நாவலைக் கொடாது விடுதல் ஆசிரியரின் தேர்வு. வாங்கி வைத்த நூலை, எவரும் பணியாதிருக்கவும், "நமக்கேன் வம்பு" என்று பெட்டிக்குள் மறைத்தலோ வேறு.

2023 டிசெம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் கவிஞரைக் குற்றமற்றவரென விடுவித்தது. நூலகப் பொறுப்பாசிரியர்கள் இத்தீர்ப்பை அறிந்திருத்தல் வேண்டும். உயர்தர மாணவர் 'நவரசத்தை' அச்சமின்றிக் கையிலெடுத்து, ஒன்பது சுவையும் அதில் உளவோ என்று ஆராயட்டும்.