தொடக்கப்பள்ளி ஆசிரியர் தலைமையாசிரியர் ஆகும்போது

இடைநிலை ஆசிரியராக (1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்குப் பாடம் நடத்துபவர்) வேலையில் சேர்ந்து பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டனவா? "எப்போ ஹெச்.எம். ஆவீங்க?" என்று வீட்டிலும் கேட்க ஆரம்பித்திருப்பார்கள். அந்தப் பதவி எப்படி வருகிறது, வந்தபின் உங்கள் நாள் எப்படி மாறும் என்று பார்ப்போம். தமிழ்நாட்டின் அரசு, ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளை வைத்தே சொல்கிறேன். அரசு உதவி பெறும் பள்ளியில் நிர்வாகம் தன் ஆசிரியர்களிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்துத் துறையின் ஒப்புதலைப் பெறும். அங்கே வழி வேறு.

நானாக விண்ணப்பிக்க வேண்டுமா?

வேண்டாம். இதற்கு நேர்காணலும் கிடையாது. துறை முதலில் முன்னுரிமைப் பட்டியல் (யார் மூத்தவர் என்ற வரிசை) போடும். அதில் தகுதி உள்ளவர்களை எடுத்துத் தேர்ந்தோர் பட்டியல் வரும். காலியிடங்களைக் காட்டிக் கலந்தாய்வு நடக்கும். உங்கள் முறை வரும்போது இருக்கும் இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஆணை கையில் வரும்.

நீங்கள் எவ்வளவு நன்றாகப் பாடம் நடத்துகிறீர்கள் என்பதற்கு இதில் எங்கும் மதிப்பெண் இல்லை. மனத்துக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் உண்மை அதுதான். அதனால் தாள்களைச் சரியாக வைத்துக்கொள்வது உங்கள் பொறுப்பாகிவிடுகிறது.

பட்டியலில் என் இடம் எப்படி முடிவாகிறது?

பலர் நினைப்பதுபோல், பள்ளியில் போய்ச் சேர்ந்த தேதி மட்டும் கணக்கில்லை. ஒரே தேர்வில் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடையே, தேர்வுப் பட்டியலில் இருந்த தரவரிசைதான் முன்னே நிற்கும். ஒரு வாரம் முந்திச் சேர்ந்தவர் உங்களுக்குக் கீழேயும் இருக்கலாம்.

இன்னொரு பெரிய மாற்றமும் நடந்திருக்கிறது. தொடக்கக் கல்வித் துறையில் முன்பு ஒன்றியத்துக்குள்தான் முன்னுரிமை பார்த்தார்கள். பக்கத்து ஊரிலேயே தலைமையாசிரியர் ஆகலாம் என்ற நம்பிக்கை இருந்தது. 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243, அதை மாநில அளவிலான முன்னுரிமையாக மாற்றியது. ஆசிரியர் சங்கங்கள் இதை எதிர்த்துப் போராடின. மாநிலம் முழுக்க ஒரே வரிசை என்றால், உங்கள் ஒன்றியத்தில் இடம் காலியானாலும் அது உங்களுக்குத்தான் வரும் என்று இருக்க முடியாது. பிள்ளைகளின் படிப்பு, வயதான பெற்றோர் என்று யோசிப்பவர்கள், குறிப்பாகப் பெண் ஆசிரியர்கள், வீட்டில் இதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

வரைவுப் பட்டியல் வெளியானால் பெயர், பிறந்த தேதி, பணியில் சேர்ந்த தேதி, தரவரிசை, பணிவரன்முறை ஆணை (வேலை முறைப்படுத்தப்பட்டதைச் சொல்லும் ஆணை) ஆகியவற்றைப் பணிப்பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தவறு இருந்தால் சொன்ன நாளுக்குள் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். இறுதிப் பட்டியல் வந்தபின் திருத்துவது மிகவும் சிரமம்.

தகுதித்தேர்வு எழுதாமல் பதவி உயர்வு கிடைக்குமா?

இன்று எல்லோரும் கேட்கும் கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து, 2010 ஆகஸ்ட் 23 அன்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் தகுதித்தேர்வை (டெட்) கட்டாயமாக்கியது. அதற்கு முன் வேலைக்கு வந்தவர்கள் தங்களுக்கு இது பொருந்தாது என்றே இருந்தார்கள். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நம்பிக்கையை மாற்றிவிட்டது.

அந்தத் தீர்ப்பின்படி, ஓய்வுபெற ஐந்து ஆண்டுக்குக் குறைவாக உள்ளவர்கள் டெட் இல்லாமலே வேலையில் தொடரலாம். ஆனால் பதவி உயர்வு வேண்டுமென்றால் அவர்களும் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்து ஆண்டுக்கு மேல் உள்ளவர்கள் வேலையில் தொடரவே இரண்டு ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். சிறுபான்மையினர் பள்ளிகள் பற்றிய கேள்வி மட்டும் பெரிய அமர்வுக்குப் போனது.

"அரசு மறுசீராய்வு மனு போட்டதே, பொறுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்பீர்கள். பொறுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. வழக்கு எப்படிப் போனாலும், தேர்ச்சி பெற்றவருக்கு இழப்பு எதுவும் இல்லை. காத்திருப்பவருக்குத்தான் ஆபத்து.

தாள் 1 தொடக்க வகுப்புகளுக்கானது. மொத்தம் 150 கேள்விகள், 150 மதிப்பெண். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என்று ஐந்து பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 30. பொதுப் பிரிவினர் 90 எடுக்க வேண்டும். மற்றவர்களுக்குச் சலுகை உண்டு. அந்த மதிப்பெண்ணை ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிக்கையில் பாருங்கள். தமிழும் கணக்கும் சூழ்நிலையியலும் நீங்கள் அன்றாடம் நடத்தும் பாடங்கள்தான். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரையும் தடுமாற வைப்பது பெரும்பாலும் குழந்தை உளவியல் பகுதி. படிப்பை அங்கிருந்து ஆரம்பியுங்கள். சான்றிதழ் இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும்.

தலைமையாசிரியர்தான் ஒரே வழியா?

இல்லை. பட்டமும் பி.எட்.டும் இருந்தால் நடுநிலைப்பள்ளியில் (8ஆம் வகுப்பு வரை உள்ள பள்ளி) பட்டதாரி ஆசிரியராகப் போகலாம். அதற்கு டெட் தாள் 2 வேண்டும். அங்கிருந்து அடுத்த படி நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர். அதற்கும் மேலே வட்டாரக் கல்வி அலுவலர் (ஒரு வட்டாரத்தின் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரி). அந்தப் பதவிக்கு ஒரு பகுதியினர் தேர்வு வாரியத்தின் நேரடித் தேர்வு வழியாகவும் வருகிறார்கள்.

சின்னப் பிள்ளைகளோடு இருப்பதுதான் உங்களுக்கு மகிழ்ச்சி என்றால், பட்டதாரி ஆசிரியர் வழியை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். அங்கே போனால் ஒன்றாம் வகுப்பு உங்களுக்குத் திரும்பக் கிடைக்காது.

வேலையில் இருந்துகொண்டே பட்டம் படித்தால், துறையின் முன்அனுமதி வாங்கிவிட்டுச் சேருங்கள். தேர்ச்சி பெற்றதும் பணிப்பதிவேட்டில் பதியச் சொல்லுங்கள். பதிவாகாத பட்டம் பட்டியல் போடும்போது கண்ணில் படாது. அரசுப் பணியாளர் தேர்வாணையம் மே, டிசம்பர் மாதங்களில் நடத்தும் துறைத்தேர்வுகளையும் (அலுவலக விதிகள், கணக்கு பற்றிய தேர்வுகள்) வயது ஏறுவதற்கு முன்பே எழுதி முடித்துவிடுவது நல்லது.

தலைமையாசிரியர் ஆனால் வகுப்பு எடுக்க வேண்டாமா?

எடுக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். 150 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் ஐந்து ஆசிரியர்களோடு தனியாக ஒரு தலைமையாசிரியர். நம் கிராமத்துத் தொடக்கப்பள்ளிகளில் எத்தனை அந்த எண்ணைத் தொடுகின்றன? ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியரும் இரண்டு மூன்று வகுப்புகளை ஒன்றாக உட்கார வைத்துத்தான் நடத்துகிறார்.

பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே மற்ற வேலைகளும் வரும். காலை உணவு நேரத்துக்கு வந்ததா, சமைத்தது சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எமிஸில் (பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் இணையத் தொகுப்பு) வருகை ஏற வேண்டும். பாடநூல், சீருடை, காலணி வந்தால் எண்ணி வாங்கி, கொடுத்த கணக்கு எழுத வேண்டும். நடுவில் வட்டார அலுவலகத்திலிருந்து ஒரு விவரம் உடனே வேண்டும் என்று போன் வரும். இந்த நெருக்கடியில் முதலில் அடிபடுவது ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பு நேரம்தான். அதைக் காப்பாற்றுவதே தலைமையாசிரியரின் முதல் வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எப்படிக் காப்பாற்றுவது? காலையில் முதல் இரண்டு பாடவேளைகளில் எந்தப் பதிவேட்டையும் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவு ஒன்றுக்கு மட்டும் விலக்கு. அவசரம் என்று வரும் விவரங்களில் பாதி, முன்பு வேறு வடிவத்தில் கேட்டதாகவே இருக்கும். பிள்ளைகள் எண்ணிக்கை, வகுப்புவாரி விவரம், கட்டட விவரம் ஆகியவற்றை ஒரே நோட்டில் மாதாமாதம் புதுப்பித்து வைத்தால் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். உதவி ஆசிரியராக இருக்கும்போதே உங்கள் தலைமையாசிரியரிடம் கேட்டு, ஒரு பருவத்துக்கு எமிஸ் வேலையையும் ரொக்கப் பதிவேட்டையும் செய்து பழகுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழு எனக்குத் துணையா, தொல்லையா?

நீங்கள் நடத்துவதைப் பொறுத்தது. சட்டப்படி குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். கையெழுத்து வாங்க மட்டும் கூப்பிட்டால் பெற்றோர் வர மாட்டார்கள். கூலி வேலைக்குப் போகும் தாய்மார்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் வையுங்கள். ஒரு கூட்டத்தில் ஒரே பிரச்சினையை எடுங்கள். கழிப்பறைத் தண்ணீரா, சுற்றுச்சுவரா, நின்றுபோன பிள்ளையைத் திரும்ப அழைப்பதா என்று முடிவுசெய்து தீர்மானமாக எழுதுங்கள். நீங்கள் தனியாக அனுப்பும் கடிதத்தைவிட, பெற்றோர் போட்ட தீர்மானத்துக்கு ஊராட்சியிலும் அலுவலகத்திலும் மதிப்பு அதிகம்.

சம்பளம் நிறைய ஏறுமா?

எதிர்பார்க்கும் அளவுக்கு ஏறாது. 10 ஆண்டில் தேர்வுநிலை, 20 ஆண்டில் சிறப்புநிலை (பதவி உயர்வு இல்லாமலே கிடைக்கும் ஊதிய உயர்வுகள்) வாங்கியவருக்கு வித்தியாசம் குறைவாகத்தான் இருக்கும். கலந்தாய்வுக்கு முன்பே அலுவலகத்தில் ஊதிய நிர்ணயத்தைக் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தால் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம், அதில் தவறில்லை. ஆனால் அடுத்த பட்டியலில் அது எப்படிப் பாதிக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டபின் கையெழுத்திடுங்கள்.

பொறுப்பு ஏற்கும் நாளில் என்ன செய்ய வேண்டும்?

மாலையும் சால்வையும் முடிந்ததும், இருப்புப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பொருளையும் கண்ணால் பாருங்கள். கணினி, தொலைக்காட்சி, மேசை, நூலகப் புத்தகம் எல்லாம் அதில் இருக்கும். பதிவேட்டில் இருந்து பள்ளியில் இல்லாததைப் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் "இல்லை" என்றே எழுதச் சொல்லுங்கள். முந்தைய தலைமையாசிரியர் உங்களுக்கு நெருங்கியவராகவே இருக்கலாம். தணிக்கை வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். வங்கிக் கணக்குப் புத்தகத்தின் இருப்பும் ரொக்கப் பதிவேட்டின் இருப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். மாணவர் சேர்க்கைப் பதிவேட்டின் கடைசி எண்ணையும், மாற்றுச் சான்றிதழ் புத்தகத்தில் மீதமுள்ள தாள்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் முடியாவிட்டால் இரண்டு நாள் கேளுங்கள், எண்ணி முடித்தபின் கையெழுத்துப் போடுங்கள்.