கல்லூரிக்கு வெளியே ஒரு பருவம்: கலைத்தொழிற் பயிற்சியும் மலையகக் கூத்துக்களமும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைக் கற்போர் மாதவியின் ஆடற்றிறனையே பெரிதும் வியப்பர். ஆயின் அக்காதை ஒரு கல்வித் திட்டத்தின் விளக்கமுமாகும். ஐந்தாம் வயதிற் பயிலத் தொடங்கிய மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகின்றாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழோன் என்போருக்கு இருக்கவேண்டிய தகுதிகள் தனித்தனியே கூறப்படுகின்றன. அரங்கின் நீள அகலங்கள் அளந்துரைக்கப்படுகின்றன. ஈற்றில் மாதவி தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் பெறுகின்றாள். எனவே, கலைக் கல்விக்கு மாணாக்கரின் உழைப்பு, ஆசிரியரின் தகுதி, ஏற்ற களம், உரிய ஊதியம் ஆகிய நான்கும் வேண்டும் என்பது இளங்கோவடிகள் காட்டும் நெறி. இந்நான்கையும் அளவுகோலாகக் கொண்டு, இன்று பல்கலைக்கழகங்கள் கைக்கொண்டுவரும் ஒரு புதுமுறையை மலையகச் சூழலில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெளிக்களப் பருவம்

பட்டப்படிப்பின் ஒரு பருவத்தை வளாகத்திற்கு வெளியே, திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி, நாடகம் முதலிய கலைத்தொழில்கள் நடைபெறும் இடத்திலேயே கழிப்பதும், அங்குச் செய்யும் வேலையைப் பாடத்தின் பகுதியாகக் கணிப்பதுமே அப்புதுமுறை. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலுள்ள எமர்சன் கல்லூரி 1986ஆம் ஆண்டு முதல் தன் மாணவரை லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு இவ்வாறு அனுப்பிவருகின்றது. 2014இல் ஹொலிவூட்டில் அதற்கெனத் தனிக் கட்டடமும் திறந்தது. மாணவர் கலைநிறுவனங்களில் வேலை பழகுவதோடு வகுப்புகளிலும் கற்பர்.

இம்முறையின் நியாயம் வெளிப்படை. நாடக இலக்கணத்தை நூலிற் கற்கலாம். ஆனால் ஒருவர் பிழைவிட்ட வேளையில் மற்றவர் அதனைச் சபை அறியாமல் தாங்கிக்கொள்வது எவ்வாறு என்பதை நூல் கற்பிக்காது. குறித்த நேரத்திற் குறித்த பணியை முடிக்கும் ஒழுங்கும் களத்திலன்றி வாராது.

எனினும் இம்முறைக்கு ஒரு குறை உண்டு. பயிலுநர் என்ற பெயரால் இளைஞரிடம் ஊதியமின்றி வேலை வாங்கும் வழக்கம் எங்கும் பரவியுள்ளது. 2010இல் வெளிவந்த ‘பிளாக் ஸ்வான்’ என்னும் ஆங்கிலப் படத்தில் ஊதியமின்றிப் பணிபுரிந்த பயிலுநர் வழக்குத் தொடுத்தனர். அவர்கள் தொழிலாளரே என்று 2013இல் நியூயோர்க் நகர நீதிமன்றம் தீர்த்தது. 2015இல் மேன்முறையீட்டு மன்றம் அத்தீர்ப்பை விலக்கி, அவ்வேலையால் முதன்மையாகப் பயனடைவோர் பயிலுநரா நிறுவனமா என்று நோக்கவேண்டும் எனப் புதிய அளவையொன்றை வகுத்தது. இவ்வினாவை நாமும் மறத்தலாகாது.

பேராதனை காட்டிய முன்மாதிரி

கலைக்கல்வியை ஏட்டிலிருந்து களத்துக்குக் கொணரும் முயற்சி ஈழநாட்டிற்குப் புதிதன்று. 1956இல் பேராசிரியர் சரச்சந்திர, பேராதனை மாணவரைக் கொண்டு ‘மனமே’ என்னும் சிங்கள நாடகத்தை உருவாக்கியபோது, பலப்பிட்டியைச் சேர்ந்த சார்ள்ஸ் சில்வா குணசிங்க என்னும் மரபுவழிக் கலைஞரின் துணையை நாடினார். அடுத்த பத்தாண்டிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவ்வழியைத் தமிழிற் பின்பற்றினார். மட்டக்களப்பு அண்ணாவிமாரின் கலை பல்கலைக்கழக மாணவருக்குப் பாடமாயிற்று. ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964), ‘வாலிவதை’ (1967) ஆகியன அம்முயற்சியின் விளைவுகள். விடியவிடிய ஆடப்பெற்ற கூத்து, சுருங்கிய நேரத்தில் நகர மேடைக்கு ஏற்ப அமைந்தது. அன்று இராவணனாக ஆடிய மாணவரான சி. மௌனகுரு பின்னர் நாடகத்துறைப் பேராசிரியராக விளங்கினார். களப்பயிற்சி என்ன செய்யவல்லது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. பேராதனையைக் கடந்து செல்லும் மலைநாட்டுப் புகையிரதப் பாதையிலேயே ஹட்டனும் உள்ளது. எனினும் மேற்கூறிய நான்கு ஆக்கங்களும் கீழ்க்கரைக் கூத்து மரபிலிருந்து எழுந்தனவேயன்றி, அண்டையிலிருந்த தேயிலைத் தோட்டத்துக் கூத்திலிருந்து எழுந்தனவல்ல.

தோட்டத்துப் பயிற்சிக்களம்

காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்பன மலையகத்தின் முதன்மையான கூத்துகள். இவற்றுள் காமன் கூத்தே மிகப் பரவியது. மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையளவிற் கம்பம் நட்டு, பௌர்ணமியை ஒட்டிக் காமன் எரியுண்ணும் காட்சியை நடத்துவது பொதுவழக்கு. சிவனின் தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண் நெருப்பில் நீறானதும், இரதியின் புலம்பலும், அவன் மீண்டெழுதலுமே கதை. இரதி வேடத்தையும் ஆண்மகனே தாங்குவான். நேர்த்திக்கடனாக வேடம் பூணுவோரும் உளர்.

இங்குப் பயிற்சி நடைபெறும் முறையைச் சற்று விரித்துக் கூறுதல் தகும். கூத்துப் பழக்குபவரை மக்கள் ‘மாஸ்டர்’ என்பர். அவரும் தோட்டத் தொழிலாளியே. காலையிற் பிரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்து, பகல் முழுதும் மலையில் உழைத்து, மாலையிற் கோயில் முன்றிலிலோ லயத்து வாசலிலோ இளைஞரைக் கூட்டுவார். பாடலும் வசனமும் அவர் நினைவிலும் பழங்கொப்பியிலும் உள்ளன. அவர் பாட, மாணாக்கர் திருப்பிப் பாடுவர். தப்பின் அடிக்கேற்ப அடவு பழகுவர். ஓராண்டு தூதனாக வந்த சிறுவன், சில ஆண்டுகள் உடனிருந்து பார்த்த பழக்கத்தால் மதனாகவோ இரதியாகவோ உயரக்கூடும். ஆடுவோர் லயந்தோறும் செல்லும்பொழுது, பார்ப்போரே தேர்வாளர். தாளம் தவறினால் முதலிற் சிரிப்பவள் அவ்வாட்டத்தை நாற்பது மாசியிற் கண்ட கிழவியாவாள். மாணாக்கரின் உழைப்பும், ஆசிரியரின் தகுதியும், ஏற்ற களமும் ஆகிய மூன்றும் இங்குக் குறைவின்றி அமைந்துள்ளன.

நான்காவதாகிய ஊதியமே இல்லை. ஆட்டத்தின் பொருட்டு வேலைக்குச் செல்லாத நாளில் ‘பேர்’ விழாது; பேர் விழாவிடின் அந்நாட் சம்பளமில்லை. வேடத்துக்கும் விளக்குக்கும் தோட்டத்து மக்கள் பணம் சேர்ப்பர். ஆயின் மாஸ்டரின் பல்லாண்டுப் புலமைக்கு மதிப்பீடு எதுவுமில்லை.

இக்கலைக்கு வரலாறும் ஊறு விளைத்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. கூத்து தனியொருவர் சொத்தன்று. ஆடுவோரும் பாடுவோரும் தப்படிப்போரும் ஓரிடத்து வாழ்ந்தாலன்றி அது நிலையாது. குடும்பங்கள் பிரிந்தபோது குழுக்களும் பிரிந்தன. மடக்கும்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்தளித்ததன் அருமை இதனால் விளங்கும். தொகுக்கப்பட்ட பாடல் எஞ்சும். தொகுக்கப்படாத அடவு ஆடியவருடனே போய்விடும்.

திரைத்துறையும் மலையக மாணவரும்

திரைப்படத் துறையிலும் மலையகம் கால்வைத்ததுண்டு. தொழிற்சங்கத் தலைவரான வி. பி. கணேசன் 1975இல் ‘புதிய காற்று’ என்னும் படத்தையும், 1978இல் ‘நான் உங்கள் தோழன்’ என்னும் படத்தையும் உருவாக்கினார். எனினும் இலங்கைத் தமிழ்த் திரைத்துறை தொடர்ந்து வேலை தரும் தொழிலாக வேரூன்றவில்லை. ஒலி, ஒளிபரப்பு நிலையங்களோ கொழும்பை மையமாகக் கொண்டவை. ஆதலின் இத்தகைய பருவமொன்று வகுக்கப்படின், நுவரெலியா மாணவன் கொழும்பிற் குடியிருந்தே பழகவேண்டும். தாயின் கொழுந்துச் சம்பளத்தில் அறை வாடகையும் உணவுச் செலவும் எங்ஙனம் அடங்கும்? சம்பளமின்றிப் பழகுதல் வசதியுள்ளார்க்கே இயலும். திட்டம் எல்லார்க்கும் பொதுவெனத் தோன்றினும், வாயில் சிலர்க்கே திறந்திருக்கும்.

செய்யத்தக்கன

ஆகவே இப்பருவம் இருவழிப் பாதையாதல் வேண்டும். மலையக மாணவன் கொழும்பின் ஒலிப்பதிவுக் கூடத்திற்குச் செல்வதாயின், அவனுக்கு உதவிப்பணம் வேண்டும். நகரத்து மாணவனும் மாசி மாதத்தில் ஹட்டன், தலவாக்கலைத் தோட்டங்களுக்கு வந்து, கம்பம் நடுதல் முதல் காமன் உயிர்பெறுதல் வரை மாஸ்டரின் கீழ்ப் பழகுதல் வேண்டும். அம்மாஸ்டர் வருகைதரு ஆசிரியராக மதிக்கப்பெற்று ஊதியம் பெறல் வேண்டும். ஆடலும் பாடலும் பதிவுசெய்யப்படின், ஒரு படி தோட்டத்திலேயே இருத்தல் வேண்டும். பின் அதனை எடுத்தாள்வோர் ஆசிரியர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் கூறல் வேண்டும். கூத்து வழிபாட்டோடு பிணைந்ததாதலின், எதனைப் படம்பிடிக்கலாம், எதனைப் பிடிக்கலாகாது என்பதைத் தோட்டத்தாரே முடிவுசெய்தல் முறை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்னும் பழமொழியை ஆசிரியர் பலகாற் கூறக் கேட்டிருக்கிறோம். கொடியிற் காய்த்த சுரைக்காயைப் பறிக்கச் செல்வோர், அக்கொடிக்கு நீர் வார்த்தவனையும் நினைத்தல் வேண்டும். மாதவிக்குக் கிடைத்த 1008 கழஞ்சு பொன் இன்றைய மாஸ்டருக்குக் கிடைக்குமென்று எவரும் எதிர்பாரார். ஆடிய நாளுக்குரிய ஒரு ‘பேர்’ ஆயினும் அவருக்கு விழச் செய்தல் கற்றோர் கடன்.