பாலித்தீன் ஏன் நீண்டபடியே நிற்கிறது?

சரசரக்கும் மெல்லிய பாலித்தீன் பையிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு பட்டையை வெட்டி மெதுவாக இழுத்துப் பாருங்கள். லேசாக இழுத்து விட்டால் ஏறக்குறைய பழைய நீளத்துக்கு வந்துவிடும். விடாமல் இழுத்தால் ஓரிடம் சட்டென்று மெலியும். அந்த மெலிவு இரு பக்கமும் பரவும். நீளவாக்கில் சரியாக வராவிட்டால் குறுக்கே வெட்டி இழுங்கள்.

பாலித்தீன் பாதி படிகம், பாதி சிக்கல். உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது அதன் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் மடிந்து மடிந்து, சுமார் 10 முதல் 20 நானோமீட்டர் தடிப்புள்ள படிகத் தகடுகளாகின்றன. சங்கிலிகள் இப்படி மடிவதை 1957-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கெல்லர் கண்டறிந்தார். தகடுகளுக்கு நடுவே ஒழுங்கின்றிக் கிடக்கும் சங்கிலிகள் ரப்பர்போல இளகியிருக்கும். ஒரு தகட்டிலிருந்து கிளம்பி, சிக்கலைக் கடந்து அடுத்த தகட்டில் நுழையும் சங்கிலிகளும் உண்டு. இரண்டையும் பிணைத்து வைப்பவை இவையே.

லேசாக இழுக்கும்போது பெரும்பாலும் அந்த இளகிய பகுதிதான் நீள்கிறது. கையை விட்டதும் வெப்ப அசைவு சங்கிலிகளை மறுபடி சுருளவைக்கிறது. கொஞ்சம் உடனே திரும்பும். மீதி நிமிடக் கணக்கில் மெல்லத் திரும்பும்.

வலுவாக இழுத்தால் பிணைப்புச் சங்கிலிகள் விறைத்து, தகடுகளையே நகர்த்துகின்றன. தகடுகள் சறுக்கி, சிறு துண்டுகளாக உடைந்து, மடிப்புகள் பிரிந்து, இழுத்த திசையிலேயே நுண்ணிழைகளாக அணிவகுக்கின்றன. மெலிந்த இடம் பலவீனமாகும் என்றுதான் எதிர்பார்ப்போம். நடப்பது நேர்மாறு: சங்கிலிகள் நேராகிவிட்டதால் அந்த இடம் பக்கத்து இடத்தைவிட உறுதியாகிறது. அடுத்து இளகிக்கொடுப்பது பக்கத்து இடம். மெலிவு பரவுவது இதனால்தான். நைலான் இழைத் தொழில் எழ இந்தக் குணமும் உதவியது. 1930-இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் ஜூலியன் ஹில், பாலியெஸ்டர் இழையை ஆறியபின் இழுத்தபோது அது பல மடங்கு நீண்டு வலுவடைவதைக் கண்டார். மீன்வலையின் நைலான் நூலும் அப்படி இழுக்கப்பட்டதே.

நீண்ட பட்டை ஏன் திரும்புவதில்லை? சுருளும் விருப்பம் சங்கிலிகளுக்கு இன்னும் இருக்கிறது. புதிதாக அணிவகுத்த படிகங்கள் அவற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன. சரசரக்கும் பையின் அடர் பாலித்தீன் சுமார் 130 டிகிரி செல்சியஸில் உருகும். அந்தச் சூட்டை நெருங்கும்போது பிடி தளர, பட்டை சுருங்கும். தண்ணீர் பாட்டில்களைக் கட்டாக இறுக்கும் உறையும் இதே வழியில்தான் வேலை செய்கிறது: சூடாக இருக்கும்போதே இழுத்துக் குளிரவைத்த தாள், சூட்டுக் கூண்டுக்குள் போனதும் பாட்டில்களோடு ஒட்டிச் சுருங்கிவிடுகிறது. முழுக்க உருக்கி, நேரம் கொடுத்தால் சங்கிலிகள் மறுபடி தாறுமாறாகிவிடும். பிறகு எந்தத் திசையில் இழுத்தோம் என்ற தடயமே அதில் மிஞ்சாது.