நானாவின் கித்தாரும் என் பௌதிகவியலும்

நானா பழைய மின்கித்தார் ஒன்றை வாங்கி வந்தார். டியூப் லைட்டைப் போட்டால் போதும், அது இரையத் தொடங்கிவிடும். "காசு வீண்" என்று விற்கப் பார்த்தார். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் நான்தான் மறித்தேன்.

தந்திகளுக்குக் கீழே இருக்கும் பிக்கப் வேறொன்றுமில்லை; காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான தடவை சுற்றிய, தலைமயிரைப் போன்ற செப்புக் கம்பியும்தான். உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின் தூண்டப்படுகிறது. 1831இல் பரடே கண்டறிந்த அதே தூண்டல். ஆனால் அச்சுருள் வீட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கிறது. 1955இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, காந்த முனைகளையும் எதிராக வைத்தார். இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும். தந்தியின் ஒலியோ கூடும். அதுவே ஹம்பக்கர்.

அகலமான ஹம்பக்கர் நானாவின் கித்தார்க் குழிக்குள் இறங்காது. மரத்தைச் செதுக்க எனக்கு மனமில்லை. ஆகவே ஒற்றைச் சுருள் அளவில் வரும் ஹம்பக்கர் ஒன்றைப் பிரிட்ஜ் பக்கத்துக்கு வாங்கினோம். பளிச்சென்ற ஒலி சற்று மங்கலாம் என்று முன்பே சொல்லிவைத்தேன்.

கழற்றுமுன் வயர்களைப் படம் எடுத்தோம். நானா ஈயப்பற்று வைத்தார். நடுப் பிக்கப்புடன் சேர்த்து வாசித்தால், ஒலி தகரம்போல மெலிந்தது! நானாவின் முகம் வாடிவிட்டது. இரண்டின் அலைகளும் எதிர்க் கட்டத்தில் இருந்தன. புவிவயரைத் தொடாமல், புதியதன் இரு முனைகளையும் இடம்மாற்றினோம். ஒலி நிறைந்து வந்தது.

மற்ற இரண்டு பிக்கப்புகளும் தனியே இன்னும் இரைகின்றன. அவற்றுக்கு நானா காசு சேர்க்கிறார்.