பிரேக் இறுக்கம்

பிரேக் இறுக்கம் என்பது பிரேக் மிதியிலிருந்து காலை எடுத்த பின்னரும் பிரேக் முழுமையாக விடுபடாமல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் நிலை ஆகும். பழைய தானுந்துகளில் துருவினால் இது ஏற்படுகிறது. ஆனால் பிரேக் அமைப்பை அண்மையில் மேம்படுத்திய வண்டிகளிலும், குறிப்பாக டிரம் பிரேக்கை நீக்கி டிஸ்க் பிரேக் பொருத்தியவற்றிலும், இது அடிக்கடி காணப்படுகிறது. 1960களின் ஃபோர்டு மஸ்டாங் இத்தகைய மாற்றம் பரவலாகச் செய்யப்படும் வண்டிகளுள் ஒன்று.

டிஸ்க் பிரேக் விடுபடும் முறை

டிரம் பிரேக்கில் பிரேக் ஷூக்களைப் பின்னிழுக்க வலுவான சுருள்வில்கள் உண்டு. டிஸ்க் பிரேக்கில் பெரும்பாலும் இப்பணியைச் செய்வது பிஸ்டனைச் சுற்றியுள்ள ஒரு ரப்பர் வளையமே. மிதியை அழுத்தும்போது சற்று வளையும் இவ்வளையம், அழுத்தம் நீங்கியதும் பழைய வடிவத்துக்குத் திரும்புகையில் பிஸ்டனையும் உடன் இழுக்கிறது. இதனால் கிடைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதி மட்டுமே. எனவே குழாயில் எஞ்சும் சிறிதளவு அழுத்தம்கூட பிரேக்கைப் பிடித்துவைக்கப் போதுமானது.

புதிய பேட்கள் டிஸ்க்கை மெல்ல உரசுவது பழுதன்று. உயர்த்திய சக்கரம் சிறு ஓசையுடன் கையால் சுழலுமாயின் அது இயல்பு நிலையே.

ஆபத்து

தொடர்ந்த உராய்வினால் கேலிப்பரில் உள்ள பிரேக் திரவம் சூடேறுகிறது. புதிய டாட் 3 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 205 °செ. நீரை உறிஞ்சிய பின் இது 140 °செ வரை குறையலாம். திரவம் கொதித்தால் உண்டாகும் ஆவி எளிதில் அமுங்கும். அப்போது மிதி தரைவரை சென்றும் வண்டி நிற்காது. ஆகவே ஓட ஓடச் சரியாகிவிடும் என்று இறுக்கத்தை விட்டுவைப்பது தவறு.

காரணத்தைக் கண்டறிதல்

வண்டியைத் தாங்கிகளின் மீது உறுதியாக நிறுத்தி, இறுகிய சக்கரத்தின் கேலிப்பரில் உள்ள காற்று நீக்கும் திருகைச் சற்றுத் திறக்க வேண்டும். சக்கரம் உடனே விடுபட்டால் திரவ அழுத்தம் சிக்கியுள்ளது என்று பொருள். விடுபடாவிட்டால் பழுது கேலிப்பரில், பேட்களில் அல்லது பின்சக்கரமாயின் கைப்பிரேக் கம்பியில் உள்ளது.

அழுத்தம் சிக்கியிருப்பின், மீண்டும் மிதியை அழுத்தி இறுக்கத்தை வரவழைத்து, இம்முறை மாஸ்டர் சிலிண்டரில் குழாய் இணையும் இடத்தைத் தளர்த்திப் பார்க்கலாம். அங்கும் விடுபடாவிடில் இடையிலுள்ள குழாயே தடை. உள்ளே சிதைந்த ரப்பர் குழாய் திரவத்தைத் திரும்பவிடாமல் தடுக்கும். நிரலில் பிழை தேடுவோர் பாதியாகப் பிரித்துப் பார்ப்பதைப் போன்றதே இம்முறை. ஊகத்தின் பேரில் பாகங்களை மாற்றுவதைவிட இது விரைவானது. சோதனைக்குப் பின் குழாய்களில் புகுந்த காற்றைக் கட்டாயம் நீக்க வேண்டும்.

மேம்படுத்தலுக்கே உரிய காரணங்கள்

மாஸ்டர் சிலிண்டரே காரணமெனில் இரண்டை ஐயுறலாம். முதலாவது, எச்ச அழுத்த வால்வு. டிரம் பிரேக்குக்குரிய பல பழைய மாஸ்டர் சிலிண்டர்களில் குழாயில் ஏறத்தாழ 10 பி.எஸ்.ஐ அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு உண்டு. அங்கு வில்கள் இவ்வழுத்தத்தை வெல்லும். டிஸ்க் பிரேக்கிலோ பேட்கள் டிஸ்க்கை விட்டு விலகா. பழைய சிலிண்டரை அப்படியே வைத்துக்கொள்வோர் பெரும்பாலும் இங்கேதான் இடறுகின்றனர்.

இரண்டாவது, தள்ளுகோலின் நீளம். அது சற்று நீண்டிருந்தாலும் சிலிண்டரின் பிஸ்டன் முழுமையாகப் பின்வராது. திரவம் தொட்டிக்குத் திரும்பும் சிறுதுளை மூடியே இருக்கும். சூட்டில் விரியும் திரவத்துக்குப் போக்கிடம் இல்லாததால், புறப்படும்போது சரியாக இருந்த பிரேக் சில கிலோமீட்டர்களில் தானே இறுகும். சிலிண்டரைத் தாங்கும் மரைகளைச் சில மில்லிமீட்டர் தளர்த்தியதும் சக்கரம் விடுபட்டால் ஐயம் தீரும்.

கேலிப்பர் பக்கத்தில், டிஸ்க்குக்கு நடுவே அமையாத கேலிப்பர், தாங்கியின் மீது தடிப்பாகப் பூசப்பட்ட வண்ணத்தால் நகர முடியாத பேட் ஆகியவை பொதுவானவை. நகரும் ஊசிகளுக்குப் பெட்ரோலிய கிரீசு இட்டால் அங்குள்ள ரப்பர் உப்பி ஊசிகள் சிக்கிக்கொள்ளும். பிரேக்குக்கென விற்கப்படும் சிலிக்கோன் கிரீசையே பயன்படுத்த வேண்டும்.