பங்கின் லாபம் வேறு, உங்கள் லாபம் வேறு

பங்கு வைத்திருப்பவரிடம் அதன் இன்றைய விலையைக் கேட்டால், கைப்பேசியைத் திறந்து உடனே சொல்லிவிடுவார். கடந்த ஐந்து ஆண்டுகளில் அந்தப் பங்குகளால் ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு வருமானம் கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள். "பரவாயில்லை", "மோசமில்லை" என்பதற்கு மேல் பதில் வருவது அரிது.

இது சின்ன விஷயமல்ல. மலேசியாவில் ஊழியர் சேமநிதி வாரியம் 2024-ஆம் ஆண்டுக்கு 6.3 விழுக்காடு லாப ஈவு வழங்கியது. சிங்கப்பூரில் மத்திய சேம நிதியின் சாதாரணக் கணக்குக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு வட்டி உண்டு. எந்தப் பங்கையும் ஆராயாமல், விலை இறங்கும்போது பதறாமல் கிடைக்கும் பணம் அது. உங்கள் பங்குகள் அதைவிடக் குறைவாக ஈட்டினால், இத்தனை ஆண்டு எடுத்த ஆபத்துக்குப் பலனே இல்லை என்று பொருள். அதைத் தெரிந்துகொள்ள, விலையைப் பார்த்தால் போதாது. கணக்குப் பார்க்க வேண்டும். அந்த வேலையைச் செய்ய இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றை எப்படிப் பயன்படுத்துவது, எங்கே ஏமாந்துபோக வாய்ப்புண்டு என்பதைப் பார்ப்போம்.

விலை ஏறியது, பணம் குறைந்தது

முதலில் ஒரு கணக்கு. ஒரு பங்கின் விலை 1 ரிங்கிட். நீங்கள் 1,000 ரிங்கிட்டுக்கு 1,000 பங்கு வாங்குகிறீர்கள். ஓராண்டில் விலை 1.50 ஆகிறது. உற்சாகத்தில் மேலும் 9,000 ரிங்கிட் போட்டு 6,000 பங்கு வாங்குகிறீர்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் விலை 1.20-க்கு இறங்குகிறது.

பங்கைப் பொறுத்தவரை கதை நல்ல கதைதான். 1 ரிங்கிட் 1.20 ஆகியிருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் 20 விழுக்காடு, அதாவது ஆண்டுக்குச் சுமார் 9.5 விழுக்காடு வளர்ச்சி. உங்கள் கையில் இருப்பது என்ன? 7,000 பங்குகள், மதிப்பு 8,400 ரிங்கிட். நீங்கள் போட்டது 10,000 ரிங்கிட். நட்டம் 1,600. பணம் எப்போது உள்ளே வந்தது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், உங்கள் வருமானம் ஆண்டுக்கு ஏறத்தாழ மைனஸ் 14.7 விழுக்காடு.

இரண்டு எண்களுமே சரிதான். முதல் எண் பங்கு எப்படி நடந்துகொண்டது என்று சொல்கிறது. இரண்டாவது எண் நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்று சொல்கிறது. விலைப் பட்டியலில் முதல் எண்ணை எல்லாரும் பார்க்கலாம். இரண்டாவது எண் எந்த இணையத்தளத்திலும் கிடைக்காது. நீங்கள் எந்தத் தேதியில் எவ்வளவு போட்டீர்கள், எவ்வளவு எடுத்தீர்கள் என்ற பதிவு இருந்தால்தான் அதைக் கணக்கிட முடியும்.

எந்த மென்பொருள்?

இதற்கென்றே ஜெர்மனியில் உருவான ஒரு மென்பொருள் 'போர்ட்ஃபோலியோ பெர்ஃபார்மன்ஸ்'. இலவசம்; மூல நிரலும் திறந்தே வைக்கப்பட்டுள்ளது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். ஆங்கிலத்தில் பயன்படுத்தலாம். உங்கள் பதிவுகள் அனைத்தும் உங்கள் கணினியில் ஒரே கோப்பாக இருக்கும். அந்தக் கோப்புக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டவும் முடியும். வீட்டு வரவு செலவையும் சேர்த்து எழுத நினைப்பவர்களுக்கு 'க்னூகேஷ்' என்ற மற்றோர் இலவச மென்பொருள் உண்டு. அது கணக்காளர்களின் இரட்டைப் பதிவு முறையில் இயங்குவதால் பழக நாளாகும். எக்செல் மட்டுமே போதும் என்பவர்கள் அதிலுள்ள 'எக்ஸ்.ஐ.ஆர்.ஆர்.' சூத்திரத்தில் தேதிகளையும் தொகைகளையும் கொடுத்தால், மேலே சொன்ன இரண்டாவது எண் கிடைத்துவிடும்.

போர்ட்ஃபோலியோ பெர்ஃபார்மன்ஸில் தொடங்குவது இப்படி. புதிய கோப்பு திறக்கும்போது அடிப்படை நாணயமாக ரிங்கிட்டையோ சிங்கப்பூர் வெள்ளியையோ தேர்ந்தெடுங்கள். பிறகு இரண்டு கணக்குகள் தேவை. ஒன்று பணத்துக்கு, மற்றொன்று பங்குகளுக்கு. பங்கு வாங்கினால் முதல் கணக்கில் பணம் குறையும், இரண்டாவதில் பங்கு கூடும். லாப ஈவு வந்தால் பணக் கணக்கில் சேரும்.

அடுத்து, உங்கள் பங்குகளைச் சேர்க்க வேண்டும். யாகூ ஃபைனான்ஸ் போன்ற தளங்களில் புர்சா மலேசியா பங்குகள், பங்கின் எண்ணுக்குப் பின் ஒரு புள்ளியும் 'கே.எல்.' என்ற எழுத்துகளும் சேர்ந்த குறியீட்டில் இருக்கும். மேபேங்க் என்றால் 1155, பப்ளிக் பேங்க் என்றால் 1295. சிங்கப்பூர்ப் பங்குகளுக்குப் புள்ளிக்குப் பின் 'எஸ்.ஐ.' வரும். சரியான குறியீடு கொடுத்தால் பழைய விலைகளை மென்பொருளே இறக்கிக்கொள்ளும். விலை கிடைக்காத பங்குக்கு நீங்களே விலையை எழுதலாம்.

கடைசியாக, தரகர் அனுப்பிய சீட்டுகளைப் பார்த்து ஒவ்வொரு கொள்முதலையும் விற்பனையையும் தேதியோடு பதிய வேண்டும். முடித்ததும் பங்குகளின் எண்ணிக்கையை உங்கள் சி.டி.எஸ். அல்லது சி.டி.பி. அறிக்கையோடு ஒப்பிடுங்கள். ஒரு பங்கு வேறுபட்டாலும் ஏதோ ஒரு பதிவு விடுபட்டிருக்கிறது.

கணக்கைக் கெடுக்கும் நான்கு இடங்கள்

போனஸ் பங்குகள்: 2021 ஜனவரியில் பப்ளிக் பேங்க், கையிலிருந்த ஒவ்வொரு பங்குக்கும் 4 போனஸ் பங்குகள் கொடுத்தது. ஒன்று ஐந்தானது, விலை ஐந்தில் ஒன்றானது. உதாரணமாக, ஒருவர் அதற்கு முன் 20 ரிங்கிட் விலையில் 1,000 பங்கு வாங்கியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். போனஸைப் பதியாமல் விட்டால், 4 ரிங்கிட் விலையில் 1,000 பங்கு என்று மென்பொருள் கணக்கிட்டு 80 விழுக்காடு நட்டம் காட்டும். உண்மையில் அவரிடம் 5,000 பங்குகள் இருக்கும். மதிப்பு அதே 20,000 ரிங்கிட். இதைப் பங்குப் பிரிப்பு என்ற வசதியில் 'ஒன்றுக்கு ஐந்து' என்று பதிந்தால் சரியாகிவிடும். 2024-இல் டி.பி.எஸ். வங்கி 10 பங்குக்கு 1 போனஸ் கொடுத்தது. இப்படிப்பட்ட சிறிய மாற்றம் கண்ணில் படாமலே போய்விடும். அதனால்தான் அதைப் பதியத் தவறுவது எளிது.

லாப ஈவு: 10 ரிங்கிட்டுக்கு வாங்கிய பங்கு ஐந்து ஆண்டு கழித்தும் 10 ரிங்கிட்டிலேயே நிற்கிறது, ஆண்டுதோறும் 50 காசு லாப ஈவு கொடுத்தது. விலையை மட்டும் பார்த்தால் வருமானம் பூஜ்யம். லாப ஈவைச் சேர்த்தால் ஆண்டுக்கு 5 விழுக்காடு. தரகு நிறுவனங்களின் செயலிகள் பல, வாங்கிய விலையையும் இன்றைய விலையையும் மட்டுமே ஒப்பிட்டுச் சிவப்பு, பச்சை காட்டுகின்றன. வங்கிக் கணக்கில் சேர்ந்து செலவான லாப ஈவு அந்த நிறத்தில் சேர்வதில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. விலைப் பட்டியலைக் கோப்பாக இறக்கும்போது 'முடிவு விலை', 'சரிசெய்த முடிவு விலை' என்று இரண்டு பத்திகள் இருக்கலாம். இரண்டாவதில், கொடுக்கப்பட்ட லாப ஈவுக்கு ஏற்பப் பழைய விலைகள் குறைக்கப்பட்டிருக்கும். அந்தப் பத்தியைப் பயன்படுத்திவிட்டு லாப ஈவையும் தனியாகப் பதிந்தால், ஒரே பணம் இரண்டு முறை கணக்கில் வரும்.

கட்டணங்கள்: தரகருக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 8 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 400 ரிங்கிட்டுக்குப் பங்கு வாங்கினால் தொடக்கத்திலேயே 2 விழுக்காடு போய்விடுகிறது. விற்கும்போது இன்னொரு முறை போகும். கட்டணம், முத்திரை வரி எல்லாவற்றையும் அதற்குரிய கட்டத்தில் எழுதுங்கள். ஆண்டு முடிவில் மொத்தத்தைக் கூட்டிக் காட்டச் சொல்லுங்கள். சிறுகச் சிறுக வாங்குவோருக்கு அந்த எண் ஒரு பாடம்.

நாணய மதிப்பு: மலேசியர் ஒருவர் சிங்கப்பூர்ப் பங்கு வாங்குகிறார். அப்போது ஒரு சிங்கப்பூர் வெள்ளி 3.00 ரிங்கிட். பங்கின் விலை அசையவே இல்லை. ஆனால் சிங்கப்பூர் வெள்ளி 3.40 ரிங்கிட் ஆகிறது. ரிங்கிட்டில் அவருக்கு 13 விழுக்காடு லாபம். அதே காலத்தில் மலேசியப் பங்கு வைத்திருந்த சிங்கப்பூரருக்கு, விலை அசையாமலே நட்டம். மென்பொருள் ஐரோப்பிய மத்திய வங்கி வெளியிடும் அன்றாட நாணய மாற்று விகிதங்களைக் கொண்டு இதைக் கணக்கிடுகிறது. பங்கு தேர்ந்தெடுத்த திறமையால் வந்தது எவ்வளவு, நாணயத்தால் வந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியும்.

எதோடு ஒப்பிடுவது?

பதிவுகள் முடிந்ததும் திரையில் இரண்டு வகை வருமானம் தெரியும். 'டி.டி.டபிள்யூ.ஆர்.ஓ.ஆர்.' என்பது பணம் வந்துபோன நேரத்தை ஒதுக்கிவிட்டுப் பார்க்கும் வருமானம். நம் கணக்கில் முதல் எண். 'ஐ.ஆர்.ஆர்.' என்பது உங்கள் பணத்தின் வருமானம், இரண்டாவது எண். முதல் எண் நன்றாக இருந்து இரண்டாவது மோசமாக இருந்தால், பங்குகள் நல்லவை, நீங்கள் வாங்கிய நேரம்தான் சரியில்லை. பெரும்பாலும் விலை ஏறிய பிறகு அதிகப் பணம் போட்டிருப்பீர்கள்.

சேமநிதி விகிதத்தோடு ஐ.ஆர்.ஆர்.-ஐ ஒப்பிடுங்கள். சந்தைக் குறியீட்டோடு ஒப்பிடுவதானால் முதல் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஒரு கவனம் தேவை. செய்திகளில் வரும் கே.எல்.சி.ஐ., எஸ்.டி.ஐ. குறியீடுகள் ஒவ்வொன்றும் 30 நிறுவனங்களின் பங்கு விலையைச் சொல்பவை; லாப ஈவு அதில் இல்லை. லாப ஈவு சேர்ந்த உங்கள் வருமானத்தை லாப ஈவு சேராத குறியீட்டோடு ஒப்பிட்டு, சந்தையை வென்றுவிட்டதாக நினைக்க வேண்டாம்.

மாதம் ஒரு முறை போதும்

இலவசமாகக் கிடைக்கும் விலைகள் பெரும்பாலும் சில நிமிடங்கள் தாமதமானவை. நொடிக்கு நொடி வாங்கி விற்க இந்த மென்பொருள் உதவாது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அமெரிக்கப் பேராசிரியர்கள் பிராட் பார்பரும் டெரன்ஸ் ஓடீனும் 1991 முதல் 1996 வரை ஒரு தரகு நிறுவனத்தில் கணக்கு வைத்திருந்த 66,465 குடும்பங்களின் வர்த்தகத்தை ஆராய்ந்தார்கள். அந்தக் காலத்தில் சந்தை ஆண்டுக்கு 17.9 விழுக்காடு ஈட்டியது. அடிக்கடி வாங்கி விற்ற குடும்பங்களுக்குக் கிடைத்தது 11.4 விழுக்காடு. இடைவெளிக்குப் பெரும் காரணம் வர்த்தகச் செலவு. 2000-இல் வெளிவந்த அந்தக் கட்டுரையின் தலைப்பே, வர்த்தகம் உங்கள் செல்வத்துக்குக் கேடு என்பதுதான்.

ஆகவே மாதம் ஒரு முறை திறந்து, புதிய வரவுகளைப் பதிந்து, விலையைப் புதுப்பித்து மூடிவிடுங்கள். விலை பார்க்கும் ஆசைக்குத் தீனி போட அல்ல, கணக்கு விட்டுப்போகாமல் இருக்கவே இந்த வேலை.

கோப்பு உங்களுடையதாக இருக்கட்டும்

ஏன் இணையத்தளத்திலேயே பதியக்கூடாது என்று கேட்கலாம். பதியலாம், ஆனால் சேவைகள் நின்றுபோகின்றன. மைக்ரோசாஃப்ட் தன் 'மணி' மென்பொருளின் விற்பனையை 2009-இல் நிறுத்தியது. உலகெங்கும் பலர் விலை இறக்கப் பயன்படுத்திய யாகூவின் இலவச வழி 2017 நவம்பரில் மூடப்பட்டது. அன்று விலை வரத்து நின்றதே தவிர, தங்கள் கணினியில் கொள்முதல் பதிவுகளை வைத்திருந்தவர்கள் எதையும் இழக்கவில்லை. விலையை வேறு இடத்தில் எப்போதும் தேடிக்கொள்ளலாம். நீங்கள் எந்த நாளில் என்ன செய்தீர்கள் என்ற பதிவை வேறு எங்கும் தேட முடியாது.

பாதுகாப்புக்குச் சில சொற்கள். மென்பொருளை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். பங்குக் கணக்கைப் பதிய உங்கள் தரகுக் கணக்கின் கடவுச்சொல் தேவையே இல்லை. அதைக் கேட்கும் எந்த நிரலையும் நம்ப வேண்டாம். கோப்பின் நகல் ஒன்றைப் பென் டிரைவில் வையுங்கள். கோப்பைப் பூட்டினால் கடவுச்சொல்லை எழுதிப் பத்திரப்படுத்துங்கள். மறந்தால் மீட்க வழியில்லை. அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். நாளை அவர்கள் உங்கள் பங்குகளைத் தேட நேர்ந்தால், எந்தத் தரகரிடம் என்ன இருக்கிறது என்பதை அந்த ஒரே கோப்பு சொல்லிவிடும்.

பழைய சீட்டுகளைத் தேடி எடுத்துப் பதிய ஒரு வார இறுதி ஆகலாம். முடிவில் கிடைக்கும் எண் 8 விழுக்காடாக இருந்தால் நிம்மதியாகத் தொடரலாம். 2 விழுக்காடாக இருந்தால் மனம் கசக்கும். ஆனாலும் அதைப் பணி ஓய்வுக்கு முந்தைய மாதம் தெரிந்துகொள்வதைவிட, மாற்றிக்கொள்ள இன்னும் இருபது ஆண்டுகள் மீதமிருக்கும்போது தெரிந்துகொள்வது நல்லது.